வீசிங் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்து என்ன?

டாக்டர் அறைக்குள் இருந்தது ஐந்து நிமிஷம். வெளியே வரும்போது கையில் ஒரு சீட்டு, அதில் இரண்டு இன்ஹேலர். மருந்துக் கடையில் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் கூடு, உள்ளே குட்டி உலோகக் குப்பி, பொடி எழுத்தில் அச்சடித்து எட்டாக மடித்த ஒரு தாள். எதை எப்போது இழுப்பது, எத்தனை நாளைக்கு, காய்ச்சல் மாத்திரை மாதிரி சரியானதும் நிறுத்திவிடலாமா, எதுவும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா வேறு, "இன்ஹேலரா? ஒரு தடவை பழகிட்டா அப்புறம் விடவே முடியாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

எனக்கு இந்த வீசிங், அதாவது ஆஸ்துமா, ஒன்பது வயதில் ஆரம்பித்தது, முப்பது வருஷமாகிறது. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் சொல்லாமல் விட்டுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களுக்கு இரண்டு தொந்தரவு. ஒன்று, குழாயைச் சுற்றியுள்ள தசை திடீரென்று இறுகுகிறது. இன்னொன்று, குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. இறுக்கம் வரும், போகும். வீக்கம் அப்படியில்லை, நன்றாக இருக்கும் நாளிலும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு வித்தியாசம் மனதில் தங்கிவிட்டால் மீதியெல்லாம் எளிது.

மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது, அதோடு குழாய்களும் கொஞ்சம் விரிகின்றன. விடும்போது சுருங்குகின்றன. அதனால்தான் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கிறது. பழைய காற்று முழுசாக வெளியே போகாமல் உள்ளே தேங்கிவிட, புதுக் காற்றுக்கு இடமில்லை. பார்க்கிறவர்களுக்கு நாம் காற்றை இழுக்கத் திணறுகிற மாதிரி தெரியும். உண்மையில் விட முடியாமல்தான் திணறுகிறோம்.

எல்லோருக்கும் விசில் கேட்காது. சிலருக்கு வறட்டு இருமல் மட்டும்தான். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுப்பும் இருமல், வாய்விட்டுச் சிரித்தால் வரும் இருமல், மாடிப்படி ஏறி நின்ற பிறகு வரும் நெஞ்சு இறுக்கம் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் இழுப்பெல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது. பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்தவருக்கும், விறகடுப்புப் புகையிலேயே காலம் தள்ளிய பாட்டிக்கும் வருவது சிஓபிடி என்ற வேறு நோயாக இருக்கலாம். இதயம் பலவீனமாக இருந்தாலும் ராத்திரியில் இழுக்கும்.

ஆகவே ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொள்ளுங்கள். ஒரு குழாயில் முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். பிறகு இன்ஹேலர் கொடுத்து, சுமார் கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு, பெரியவர்களுக்கு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவின் பக்கம் கை காட்டுகிறது. எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல" என்றால் ஆஸ்துமா இல்லை என்று அர்த்தமில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவில் இதைச் செய்வார்கள். சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம் என்பதால், "அங்கே போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்று தயங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நாலு பேர் நமக்காக மூச்சு விடப் போவதில்லை.

இரண்டு இன்ஹேலர், இரண்டு வேலை

முதலாவது உடனே நிவாரணம் தருவது. சால்பியூட்டமால், நம் ஊர்க் கடைகளில் பலரும் ஆஸ்தாலின் என்றே கேட்டு வாங்குவது. இறுகிய தசையைத் தளர்த்தும். சில நிமிஷத்தில் வேலை செய்யும், நாலைந்து மணி நேரம் நிற்கும். வீக்கத்தை அது தொடவே தொடாது.

இரண்டாவது தினசரி மருந்து. புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு தனியாகவோ, ஃபார்மோட்டரால், சால்மெட்டரால் போன்ற, நெடுநேரம் தசையைத் தளர்த்தும் ஒன்றோடு கலந்தோ வரும். இது வீக்கத்தைக் குறைக்கும். தனி ஸ்டீராய்டை இழுத்தவுடன் எதுவும் தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து, ராத்திரி எழுந்து உட்காரவில்லையே என்று திடீரென்று ஒரு நாள் தோன்றும். முழுப் பலன் கிடைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒன்று உடனே சுகம் தருகிறது, இன்னொன்று தருவதே தெரியவில்லை. நாம் எதை வைத்துக்கொண்டு எதை நிறுத்துவோம்? கல்லூரியில் படிக்கும்போது நான் செய்ததும் அதுதான். தினசரி மருந்தை விட்டுவிட்டு, சட்டைப் பையில் நிவாரண இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றினேன். மாதம் ஒன்று காலியாகும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுவார். நான் அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். வருஷத்துக்கு 200 அழுத்தல் கொண்ட குப்பி மூன்று காலியானாலே மோசமான தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டு காலியானால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா எச்சரிக்கிறது. அந்தக் கணக்கில் நான் எங்கே நின்றேன் என்று பிறகுதான் உறைத்தது.

அதே ஜினா 2019-இல், பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது, லேசான ஆஸ்துமா என்றாலும் கூடவே ஸ்டீராய்டு வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஃபார்மோட்டரால் சில நிமிஷத்திலேயே வேலை செய்வதால், புடெசோனைடும் ஃபார்மோட்டராலும் கலந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் எழுதித் தருகிற டாக்டர்கள் இப்போது உண்டு. சால்மெட்டரால் மெதுவாக வேலை செய்வது, அவசரத்துக்கு ஆகாது. உங்களுடையது எது என்று கேட்டு, ஸ்கெட்ச் பேனாவால் கூட்டின் மேலேயே "தினமும்", "அவசரத்துக்கு" என்று எழுதிவிடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

"ஸ்டீராய்டா?" என்று பதறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிரெட்னிசலோன் மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம் என்றால் 5,000 மைக்ரோகிராம். புடெசோனைடு இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100, 200 மைக்ரோகிராம்தான், அதுவும் நேராக நுரையீரலுக்கு. பயப்பட வேண்டியது, "அந்த மாத்திரை போட்டா உடனே சரியாயிடும்" என்று சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு. சர்க்கரை, எலும்புத் தேய்மானம், முகம் உப்புவது எல்லாம் பெரும்பாலும் அந்த வழியில்தான் வரும். அப்படி நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் பயத்துக்கும் பதில் சொல்லிவிடலாம்: இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தினால் திரும்ப வருவது பழைய வீக்கம்.

எப்படி இழுப்பது

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். இருபது வருஷம் நான் தப்பாக இழுத்திருக்கிறேன். ஒரு நர்ஸ்தான் கண்டுபிடித்தார். "இழுங்க பார்ப்போம்" என்றார். இழுத்தேன். "கண்ணாடி முன்னாடி நின்னு இழுங்க சார்" என்றார். கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன் நின்று அழுத்தினேன். உதட்டோரத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகை சுருண்டு மேலே போனது. "இவ்வளவும் காசு" என்றார் அவர்.

அழுத்தும் வகை இன்ஹேலர் என்றால் இப்படி:

1. மூடியைத் திறந்து, வாய் வைக்கும் இடத்தில் தூசி, நூல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பையில் கிடந்ததென்றால் இருக்கும்.
2. நன்றாகக் குலுக்குங்கள். புதியது என்றாலோ, பல நாள் தொடவில்லை என்றாலோ காற்றில் சில முறை அழுத்திவிடுங்கள்.
3. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முடிந்தவரை வெளியே விடுங்கள். பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். உள்ளே இடம் இருந்தால்தானே மருந்து போகும்?
4. பல்லுக்கு நடுவே வைத்து உதட்டை இறுக்க மூடுங்கள். நாக்கு வழியை அடைக்கக் கூடாது.
5. மெதுவாக இழுக்க ஆரம்பித்ததும் அழுத்துங்கள். அழுத்திய பிறகும் மூன்று, நாலு நொடி இழுத்துக்கொண்டே இருங்கள். வேகமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைச் சுவரில் அடித்து அங்கேயே தங்கிவிடும்.
6. வாயை மூடிப் பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடியுங்கள்.
7. இன்னொரு அழுத்தல் வேண்டுமென்றால் அரை நிமிஷமாவது பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து.

தினசரி மருந்து என்றால் கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும், குரல் கம்மும். பல் தேய்ப்பதற்கு முன்னால் இழுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் முடிந்தது.

அழுத்துவதும் இழுப்பதும் ஒத்து வரவில்லையா? ஸ்பேசர் வாங்குங்கள். ஒரு முனையில் இன்ஹேலரையும் மறுமுனையில் வாயையும் வைக்கும் பிளாஸ்டிக் குடுவை அது. மருந்து முதலில் குடுவைக்குள் நிற்கும், நாம் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது வீட்டில் நானும் அதில்தான். சின்னக் குழந்தைக்கு முகமூடி வைத்த ஸ்பேசர். முகத்தோடு ஒட்டிப் பிடித்து ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள். மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே உலர விடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி, மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

கேப்சூல் போட்டு இழுக்கும் பவுடர் வகைக்குச் சட்டமே தலைகீழ்: வேகமாக, ஆழமாக உறிஞ்ச வேண்டும். கருவிக்குள் மூச்சை விடக் கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டியாகிவிடும். இழுத்த பிறகு திறந்து பாருங்கள். பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுங்கள். அப்புறம், அந்தக் கேப்சூல் விழுங்குவதற்கில்லை. சிரிக்காதீர்கள், என் மாமா ஒரு வாரம் வெந்நீரில் விழுங்கிவிட்டு, "மருந்து கேக்கவே மாட்டேங்குது" என்று புலம்பினார்.

குப்பி தீர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீரில் மிதக்கவிடுவது, காதருகே ஆட்டிப் பார்ப்பது இரண்டுமே சரியாக வராது. மருந்து தீர்ந்த பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும். எண் காட்டும் வகை என்றால் கவலையில்லை. இல்லையென்றால் கணக்கு: 120 என்று போட்டிருந்து நாளுக்கு 4 அழுத்தினால் 30 நாள். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

வீட்டுக்குள்ளே எது கிளப்புகிறது

எல்லோருக்கும் எல்லாமும் ஆகாது என்றில்லை. உங்களுடையது எது என்று நீங்கள்தான் துப்பறிய வேண்டும். ஒரு பழைய டைரியில் ஒரு மாதம், இழுப்பு வந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டே வரி எழுதுங்கள். என் டைரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வந்தது. ஞாயிறுதான் எங்கள் வீட்டில் ஒட்டடை அடிக்கும் நாள்.

கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி தலையணை, மெத்தை, கம்பளியில் நம் உடம்பிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்வது. பல வருஷமாக மாற்றாத இலவம்பஞ்சுத் தலையணை அதற்கு அரண்மனை. உறைகளை வாரம் ஒரு தடவை கொதிக்கிற சூட்டுத் தண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். பெருக்குவதை விட ஈரத்துணியால் துடைப்பது மேல். மின்விசிறி இறக்கையையும் ஏசி வலையையும் வேறு யாராவது துடைக்கட்டும், நீங்கள் அந்நேரம் வெளியே காய்கறி வாங்கப் போங்கள். கரப்பானும் பெரிய காரணம். ராத்திரி சிங்கில் எச்சில் பாத்திரம் வேண்டாம்.

புகைதான் அடுத்தது. கொசுவத்தி, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சாமிக்குக் காட்டும் புகையை எப்படி நிறுத்தச் சொல்வது என்று வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. கடைசியில் அம்மா விளக்கோடு நிறுத்திக்கொண்டார், கொசுவுக்கு வலை கட்டினோம். மிளகாய் வறுக்கும் நாளில் ஜன்னலைத் திறந்துவிட்டு வேறு யாராவது அடுப்பருகே நிற்கட்டும். போகிக்கு முந்தைய ராத்திரியே ஜன்னலைச் சாத்துங்கள். தினசரி மருந்து ஒரு வேளையும் தவறாமல் இருக்கட்டும். தீபாவளிக்கும் அதேதான். கழிப்பறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றவே ஊற்றாதீர்கள். வருவது குளோரின் வாயு, ஆஸ்துமா இல்லாதவரையே சாய்த்துவிடும்.

வேலை நாளில் இழுத்து, லீவு நாளில் சரியாகிறதா? பேக்கரி மாவு, மரத்தூள், கார் பெயிண்ட் ஸ்பிரே, முடிச்சாயம் ஆகியவை காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் வேலையைப் பற்றி அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சில வலி மாத்திரைகளும் கிளப்பும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஒத்துக்கொள்ளாதவர்கள் நம்மில் உண்டு. ரத்த அழுத்தம், படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரானலால், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து இரண்டும் குழாயை இறுக்கலாம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதல் வாக்கியம்: "எனக்கு ஆஸ்துமா இருக்கு."

வாழைப்பழம், தயிர், இளநீர் "குளிர்ச்சி" என்று எல்லாவற்றையும் விலக்கிக் குழந்தையை இளைக்கவைக்க வேண்டாம். டைரியில் ஒரு பண்டம் திரும்பத் திரும்ப வந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். தூதுவளை ரசம் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன், இன்ஹேலரை நிறுத்தாமல். ஆவி பிடிப்பது ஆஸ்துமாவைத் தணிக்காது, குழந்தைகள் மேல் வெந்நீர் கொட்டிய கதைதான் அதிகம். கர்ப்பமான பெண்கள் பயந்துகொண்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைக்குக் கெடுதல் தாயின் மூச்சுத்திணறல்தான். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

ஓடலாம், ஆடலாம். வேர்க்க ஆரம்பிக்கும் முன் பத்து நிமிஷம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். அதற்கும் இழுத்தால், வீக்கம் இன்னும் அடங்கவில்லை என்று பொருள். பி.டி. பீரியடில் பிள்ளையை உட்காரவைக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மூச்சு முட்டும்போது

இந்தப் பகுதியை வீட்டில் மற்றவர்களும் படிக்க வேண்டும். அந்நேரம் உங்களால் பேச முடியாமல் இருக்கலாம்.

நிமிர்ந்து உட்காருங்கள், படுக்கக் கூடாது. மேஜை இருந்தால் முழங்கையை ஊன்றி லேசாக முன்னே சாயலாம். சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். ஆஸ்திரேலியாவில் முதலுதவியாகச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு நினைவில் வைக்க எளிது. சால்பியூட்டமாலை ஸ்பேசரில் ஒரு அழுத்தல், நாலு மூச்சு. இப்படி நாலு அழுத்தல். நாலு நிமிஷம் பொறுங்கள். குறையவில்லையா, இன்னொரு நாலு. அப்படியும் இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நாலு நிமிஷத்துக்கு நாலு என்று தொடருங்கள். கை நடுங்கும், படபடக்கும். மருந்தின் வேலைதான், அடங்கிவிடும்.

ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்கிறது, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, ஆள் சோர்ந்து தூங்கி வழிகிறார் என்றால் எதையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், முதல் நிமிஷமே 108. திணறிக்கொண்டிருந்தவரிடம் விசில் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் நிம்மதிப்படாதீர்கள். சத்தம் போடும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசர் வீட்டிலேயே இருக்கிறதே என்று மணிக்கணக்கில் அதை இழுத்துக்கொண்டிருந்து, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனவர்களும் உண்டு.

தாக்குதல் அடங்கினால் கதை முடியவில்லை. இரண்டு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். தினசரி மருந்து போதவில்லை, அல்லது சரியாக உள்ளே போகவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்லிவிட்டுப் போயிருக்கும்.

அடங்கியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்

கடந்த நாலு வாரத்தை நினைத்து நாலு கேள்வி. பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்போ இருமலோ வந்ததா? ராத்திரி ஒரு தடவையாவது எழுப்பியதா? நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? இதனால் எந்த வேலையையாவது விட்டீர்களா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால் அடங்கியிருக்கிறது. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் டாக்டரிடம் பேச விஷயம் இருக்கிறது.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவி. நின்றுகொண்டு, முழு மூச்சை இழுத்து, பட்டென்று ஒரே ஊதல். மூன்று தடவை ஊதி, இருப்பதில் பெரிய எண்ணை எழுதுங்கள். நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் வந்த அதிகபட்ச எண் 400 என்று வையுங்கள். 320-க்கு மேல் பச்சை. 200-க்கும் 320-க்கும் இடையில் மஞ்சள். டாக்டர் மஞ்சளுக்கு என்ன எழுதிக் கொடுத்தாரோ அதைச் செய்ய வேண்டும். 200-க்குக் கீழே சிவப்பு, நிவாரண மருந்தும் ஆஸ்பத்திரியும். எனக்குச் சளி பிடிக்கும்போது மூச்சு முட்டுவதற்கு முந்தைய நாளே இந்த எண் இறங்கத் தொடங்கிவிடும்.

அந்த "மஞ்சளுக்கு என்ன செய்வது" என்பதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அவசரமாக இருப்பார், இருந்தாலும் கேளுங்கள். மூன்று மாதம் அடங்கியிருந்தால் அளவைக் குறைக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்; பெரும்பாலும் ஒரு படி இறக்கிப் பார்ப்பார்கள். புடெசோனைடும் சால்பியூட்டமாலும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லி, அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அடுத்த தடவை போகும்போது சீட்டை மறந்தாலும் பரவாயில்லை, இன்ஹேலர்களையும் ஸ்பேசரையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "இப்படித்தான் இழுக்கிறேன், சரியா பாருங்க" என்று அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.